சிறந்த அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார் எது? என் ஓட்டு கார்வெட்டுக்கு, மறுப்பவர்கள் காரணத்தோடு வாருங்கள்

கியர்கம்பி

சனிக்கிழமை இரவு நண்பர் வீட்டில் ஆரம்பித்த சண்டை இது. பன்னிரண்டு மணி ஆகியும் முடியவில்லை, அதனால் இங்கே கொண்டு வருகிறேன். அமெரிக்கா இதுவரை செய்த ஸ்போர்ட்ஸ் கார்களில் சிறந்தது எது?

என் பதில் செவ்ரோலேவின் கார்வெட். அதிலும் 2020இல் வந்த எட்டாம் தலைமுறை, சி8. வெறும் வேகத்துக்காகச் சொல்லவில்லை. ஸோரா ஆர்கஸ்-டன்டோவ் என்ற எஞ்சினியர் 1953 ஜனவரியில் நியூயார்க் மோட்டோரமா கண்காட்சியில் முதல் கார்வெட்டைப் பார்த்தார். உருவம் கண்ணைப் பறித்தது, ஆனால் மூடியைத் திறந்தால் 150 குதிரைத்திறன் ஆறு சிலிண்டர் எஞ்சின், அதோடு இரண்டே கியர் உள்ள ஆட்டோமேட்டிக். மனிதர் செவ்ரோலேவுக்குக் கடிதம் எழுதி அதே வருடம் அங்கேயே வேலைக்குச் சேர்ந்தார். 1960லிருந்தே ஓட்டுநருக்குப் பின்னால் எஞ்சினை வைத்துச் சோதனைக் கார்கள் கட்டிக் காட்டினார். மேலிடம் அதைச் சாலைக்குக் கொண்டுவர ஒப்பவில்லை. 1975இல் ஓய்வு பெற்றார், 1996இல் இறந்தார். அவர் கேட்ட நடு எஞ்சின் கார்வெட் 2020இல்தான் வந்தது, 490 குதிரைத்திறனோடு, 60,000 டாலருக்கு ஐந்து டாலர் குறைவான ஆரம்ப விலையில். அந்தக் காசுக்கு அப்படி ஒரு காரை இத்தாலிக்காரரும் தரவில்லை, ஜெர்மன்காரரும் தரவில்லை.

என் கணக்கில் ஸ்போர்ட்ஸ் கார் என்றால் இரண்டு இருக்கை, வளைவில் ஓட வேண்டும், ஓடி முடித்ததும் அதே காரில் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். கால் மைல் நேர்கோட்டில் மட்டும் பாய்கிற கார்களை இங்கே இழுக்காதீர்கள். டாட்ஜ் டீமன் ரசிகர்கள் மன்னிக்கவும், அதற்குத் தனி இழை போடலாம்.

சீறும்குதிரை

இரண்டு இருக்கை என்ற விதியை நீங்கள் போட்டதே ஃபோர்டு மஸ்டாங்கை வாசலில் நிறுத்தத்தான் என்று தெரிகிறது. சரி, அந்த விதிக்குள்ளேயே பேசுகிறேன்.

1964 ஏப்ரல் 17 அன்று மஸ்டாங் வந்தபோது அது ஃபால்கன் என்ற சாதாரணக் குடும்பக் காரின் எலும்பு மேல் கட்டியது, விலை 2,368 டாலர். ஸ்போர்ட்ஸ் கார் என்று அன்று யாரும் சொல்லியிருக்க முடியாது, அதை நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஃபோர்டு அதைப் பந்தயத்துக்குக் கொண்டுபோக நினைத்தபோது அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார் பந்தயங்களை நடத்தும் எஸ்சிசிஏ சங்கத்தின் விதி குறுக்கே நின்றது, ஸ்போர்ட்ஸ் கார் பிரிவில் ஓட வேண்டுமானால் இரண்டே இருக்கைதான் இருக்கலாம். பந்தயக் கார் கட்டும் கேரல் ஷெல்பி என்ன செய்தார்? பின் இருக்கையைக் கழற்றினார், அந்த இடத்தில் ஃபைபர்கிளாஸ் தட்டு ஒன்றை வைத்து அதன் மேல் மாற்று டயரை உட்கார வைத்தார். அதுதான் 1965 ஜிடி350. 306 குதிரைத்திறன். அதன் பிறகு பி-புரொடக்ஷன் தேசியப் பட்டத்தை 1965, 66, 67 என்று மூன்று வருடம் தொடர்ந்து வென்றது, அதே பிரிவில் ஓடிய கார்வெட்டுகளையும் சேர்த்துத்தான். பின் இருக்கை இருக்கிறதா இல்லையா என்பது நாலு போல்ட் கழற்றும் வேலை. அதை வைத்து ஒரு காரின் சாதியைத் தீர்மானிக்காதீர்கள்.

இன்றைய காலத்துக்கு வந்தால் என் ஓட்டு 2016 மாடலாக வந்து 2020 வரை விற்ற ஜிடி350க்கு. 5.2 லிட்டர் வி8, தட்டை கிராங்க் (வேகமாகச் சுற்ற உதவும் வடிவம்), 526 குதிரைத்திறன், நிமிடத்துக்கு 8,250 சுற்று வரை போகும், கையால் போடும் ஆறு கியர் மட்டும்தான், ஆட்டோமேட்டிக் கேட்டாலும் கிடையாது. உங்கள் சி8இல் கிளட்ச் மிதி எங்கே? மூன்று மிதி இல்லாத காருக்குச் சிறந்த ஸ்போர்ட்ஸ் கார் பட்டம் தர எனக்கு மனசு வரவில்லை.

பத்துசிலிண்டர்

டாட்ஜ் வைப்பர். இதில் பேச என்ன இருக்கிறது.

கியர்கம்பி

காரணத்தோடு வாருங்கள் என்று தலைப்பிலேயே போட்டிருக்கிறேன் நண்பரே.

பத்துசிலிண்டர்

சரி, எழுதுகிறேன், நீளமாக இருக்கும்.

1989 டெட்ராய்ட் கண்காட்சியில் மாதிரிக் காராகக் காட்டினார்கள், 1992இல் விற்பனைக்கு வந்துவிட்டது. எட்டு லிட்டர், பத்து சிலிண்டர், 400 குதிரைத்திறன். டிரக்குக்கான வி10 ஒன்று அப்போது கிரைஸ்லரிடம் தயாராகிக்கொண்டிருந்தது, அன்று லம்போர்கினியும் கிரைஸ்லர் கையில் இருந்ததால் அவர்கள் உதவியோடு அதையே அலுமினியத்தில் வார்த்தார்கள். அந்த முதல் காரில் வெளியே கதவுக் கைப்பிடி இல்லை, கண்ணாடி ஜன்னல் இல்லை, ஏசி இல்லை, ஏர்பேக் இல்லை, ஏபிஎஸ் இல்லை. சைலன்சர் கதவுக்குக் கீழே பக்கவாட்டில் ஓடும், அரைக்கால் சட்டையோடு இறங்கினால் கெண்டைக்காலில் சூடு வாங்காமல் இருக்க முடியாது. இதையெல்லாம் குறை என்று பட்டியல் போடுகிறவர்கள் உண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. அந்தக் கார் உங்களைக் காப்பாற்ற வராது, உங்கள் வலது கால் செய்ததற்கு நீங்களே பொறுப்பு, அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும்.

முரட்டு வண்டி, வளையத் தெரியாது என்று சொல்லப் போகிறவர்களுக்கு முன்கூட்டியே பதில். பிரான்ஸின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் 1998, 1999, 2000 மூன்று வருடமும் வைப்பர் ஜிடிஎஸ்-ஆர்தான். 2000 டேடோனா 24 மணி நேரப் பந்தயத்தில் பிரிவு வெற்றி கூட இல்லை, ஒட்டுமொத்த முதலிடம். இரண்டாவதாக வந்தது யார் தெரியுமா? கார்வெட். இருபத்து நாலு மணி நேரம் ஓடிவிட்டு அரை நிமிடம்தான் வித்தியாசம்.

அப்புறம் பந்தயப் பாதைக்கென்றே கூர் தீட்டிய வைப்பர், 2016 ஏசிஆர். 8.4 லிட்டர், 645 குதிரைத்திறன், டர்போ இல்லை, சூப்பர்சார்ஜர் இல்லை, கை கியர் மட்டும். 2017இல் நிறுவனம் பணம் தர மறுத்த பிறகு ரசிகர்களே காசு திரட்டி அந்தக் காரை ஜெர்மனிக்கு, நூர்பர்க்ரிங் பந்தயப் பாதைக்கு, அனுப்பினார்கள். ஒரு சுற்று 7 நிமிடம் 1.3 நொடி. ஏழு நிமிடத்துக்குள் வரவேண்டும் என்று மறுபடி முயன்றபோது கார் தடுப்பில் மோதியது, கனவு அங்கேயே நின்றது. அதே ஆகஸ்டில் டெட்ராய்ட் கானர் அவென்யூ ஆலையும் மூடப்பட்டது. முன்பின் தெரியாதவர்கள் ஒரு காரின் கடைசி ஓட்டத்துக்குத் தங்கள் பையிலிருந்து காசு போட்டார்கள். வேறு எந்தக் காருக்கு இப்படி நடந்தது, சொல்லுங்கள்.

டெட்ராய்ட்பக்கம்

வைப்பர் பற்றி எழுதியது படித்து எனக்கே தொண்டை அடைத்தது. ஆனால் ஓட்டிப் பார்த்தவனாகச் சொல்கிறேன், முதல் தலைமுறை வைப்பரில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் போதும், கால் வைக்கும் இடம் முழுக்க எஞ்சின் சூடு, இடது கால் வைக்க இடமே கிடையாது. கியர்கம்பி சொன்ன "வீட்டுக்குத் திரும்ப வேண்டும்" என்ற மூன்றாம் விதியில் அது தோற்கும்.

நான் வேலை பார்ப்பது எஞ்சின் பக்கம், அதனால் ஒரு விஷயம். புஷ்ராட் எஞ்சினை, அதாவது வால்வுகளைக் கம்பிகளால் தள்ளித் திறக்கும் வகையை, பழைய தொழில்நுட்பம் என்று மட்டம் தட்டுவது ஒரு வழக்கமாகிவிட்டது. ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் எஞ்சின் கொள்ளளவைப் பார்த்து வரி போட்டார்கள், அதனால் அங்குள்ளவர்கள் சின்ன எஞ்சினிலிருந்து அதிகச் சக்தி எடுக்க வேண்டிய கட்டாயம், வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்ட் நான்கு, நிறைய வால்வு என்று போனார்கள். இங்கே அந்த வரி இல்லை. இங்கு முக்கியம் வெளி அளவும் எடையும்தான். கேம் ஷாஃப்ட் ஒன்றே ஒன்று, அதுவும் வி வடிவத்தின் பள்ளத்துக்குள் உட்கார்ந்துவிடுவதால் தலைப்பகுதி சின்னதாகிறது, எஞ்சின் உயரம் குறைகிறது, எடை கீழே இறங்குகிறது, பானட்டும் தாழ்வாக வரும். 1997இல் வந்த கார்வெட்டின் எல்எஸ்1 எஞ்சின் 5.7 லிட்டர் என்று சொன்னாலும் அளவில் பாதிக் கொள்ளளவுள்ள சில நான்கு-கேம் எஞ்சின்களுக்குப் பக்கத்தில் வைத்தால் பெரிதாகத் தெரியாது. லிட்டருக்கு எத்தனை குதிரைத்திறன் என்ற கணக்கு வரி கட்டுகிறவருக்கு வேண்டும். ஓட்டுகிறவருக்கு வேண்டியது கிலோவுக்கு எத்தனை என்பதுதான்.

பழையஇரும்பு

எல்லோரும் பிறந்த பிறகு வந்த கார்களையே பேசுகிறீர்களே.

1967 ஜூன், லெ மான். ஃபோர்டு ஜிடி40 மார்க் 4. டெக்ஸாஸ்காரர் ஏ.ஜே. ஃபாய்ட்டும் நியூயார்க்கில் பிறந்த டான் கர்னியும் ஓட்டினார்கள். கார் அமெரிக்காவில் கட்டியது, 427 கன அங்குல எஞ்சின் அமெரிக்கா, டயர் குட்இயர், அணி ஷெல்பி அமெரிக்கன், ஓட்டுநர்கள் இருவரும் அமெரிக்கர்கள். இப்படி முழுக்க முழுக்க ஒரு அமெரிக்கக் கூட்டணி அங்கே ஒட்டுமொத்த வெற்றி பெற்றது அந்த ஒரு முறைதான், பிறகு இன்று வரை நடக்கவில்லை. மேடையில் கர்னி ஷாம்பெயின் பாட்டிலைக் குலுக்கிச் சுற்றி நின்றவர்கள் மேல் பீய்ச்சி அடித்தாரே, இன்று எல்லாப் பந்தய மேடையிலும் நடக்கிற அந்தப் பழக்கம் அன்றுதான் பிறந்தது.

66இல் முதல் மூன்று இடமும் ஃபோர்டு, 67, 68, 69 மறுபடி ஃபோர்டு. ஃபெராரியை அதன் சொந்தத் திண்ணையில் நான்கு வருடம் உட்கார விடாத ஒரு காரை விட்டுவிட்டுப் பின் இருக்கை, முன் இருக்கை என்று பேசிக்கொண்டிருக்கிறோம்.

சீறும்குதிரை

ஐயா, மரியாதையோடு கேட்கிறேன், அந்த மார்க் 4ஐ யாராவது கடையில் வாங்க முடிந்ததா? பந்தயத்துக்கென்றே கட்டியது. அதுவும் ஜிடி40 திட்டம் ஆரம்பித்ததே இங்கிலாந்தில், ஸ்லவ் நகரில், லோலா என்ற பந்தயக் கார் நிறுவனத்தின் உதவியோடு. மார்க் 4தான் இங்கே கட்டியது, அதை மறுக்கவில்லை.

பழையஇரும்பு

வாங்க முடிந்த கார்தான் வேண்டுமென்றால் ஷெல்பியின் கோப்ரா. 1962. ஷெல்பி கோழிப்பண்ணை வைத்து நொடித்தவர், 1959இல் ஆஸ்டன் மார்ட்டினில் லெ மானை வென்றவர், அடுத்த வருடமே இதயக் கோளாறால் பந்தயத்தை விட வேண்டியிருந்தது. ஓட்ட முடியாதவர் கட்டலாம் என்று கிளம்பினார். இங்கிலாந்தின் ஏசி நிறுவனத்திடம் உடல் இருந்தது, எஞ்சின் இல்லை. ஃபோர்டிடம் புதிய சிறிய வி8 இருந்தது, அதைப் போட ஸ்போர்ட்ஸ் கார் இல்லை. இரண்டு பேரிடமும் மற்றவர் சரி என்று சொல்லிவிட்டார் என்பது போலப் பேசி இணைத்தார் என்று சொல்வார்கள். பீட் பிராக் வரைந்த, கோப்ராவின் மூடிய கூரை வடிவமான டேடோனா கூபே 1965இல் உலக ஜிடி பட்டத்தை ஃபெராரியிடமிருந்து எடுத்தது. அந்தப் பட்டத்தை வென்ற முதல் அமெரிக்க அணி அதுதான்.

உடல் இங்கிலீஷ் என்பீர்கள், தெரியும். அமெரிக்காவில் எது முழுக்க உள்ளூர்? உங்கள் ஸோராவே பெல்ஜியத்தில் பிறந்த ரஷ்யக் குடும்பத்துப் பிள்ளைதானே.

கியர்கம்பி

அந்தக் கடைசி வரிக்கு என்னிடம் பதில் இல்லை, ஐயா.

ஆனாலும் கோப்ராவுக்குக் கூரையே ஒப்புக்கு ஒன்று. மழையில் அதை ஓட்டி வீடு வந்தவர்களைப் பாராட்டுகிறேன்.

இசட்28

செவ்ரோலே கமாரோ பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை, அதனால் நான். 1967 இசட்/28 டிரான்ஸ்-ஆம் பந்தயத்துக்காகவே பிறந்தது. ஐந்து லிட்டர் உச்சவரம்பு, அதற்குள் அடங்க 302 கன அங்குல எஞ்சினைச் சேர்த்துக் கட்டினார்கள். முதல் வருடம் 602 கார்தான். 68லும் 69லும் மார்க் டோனஹ்யூ ஓட்டி செவ்ரோலேவுக்குப் பட்டம் வாங்கித் தந்தார். கடைசித் தலைமுறை இசட்எல்1 1எல்இ நூர்பர்க்ரிங்கில் 7 நிமிடம் 16 நொடி ஓடியது. 2023 டிசம்பரோடு உற்பத்தியும் நின்றுவிட்டது. உள்ளே உட்கார்ந்தால் வெளியே எதுவும் தெரியாது என்பது உண்மை, அதை மறைக்கவில்லை. ஆனால் மஸ்டாங்கைச் சேர்த்துக்கொண்டால் இதையும் சேர்க்க வேண்டும், அதைச் சொல்லத்தான் வந்தேன்.

அண்ணாசாலை

சென்னையிலிருந்து ஒரு குரல். நீங்கள் சொல்லும் கார்களில் இந்திய ஷோரூமில் வந்து நின்றதை நான் கண்ணால் பார்த்தது மஸ்டாங் ஜிடி ஒன்றைத்தான், 2016இல். அதற்குக் காரணம் 2015 தலைமுறையை ஃபோர்டு வலப்பக்க ஸ்டீயரிங்கோடும் கட்டியது. கார்வெட் 67 வருடம் கழித்து சி8இல்தான் ஆலையிலிருந்தே வலப்பக்க ஸ்டீயரிங் கொடுத்தது. உலகின் மற்ற நாட்டுக்காரர்கள் கையில் கிடைப்பதும் கணக்கில் வர வேண்டும் என்று நினைக்கிறேன், அதனால் என் ஓட்டு மஸ்டாங்குக்கு.

ஆரஞ்சுகூம்பு

மூன்று நாளாக வாசித்துக்கொண்டிருக்கிறேன், இப்போது எழுதாவிட்டால் தூக்கம் வராது.

நானும் கியர்கம்பி போலத்தான், 2021இல் சி8 வாங்கியே தீருவது என்று மூன்று வருடச் சேமிப்போடு போனேன். ஒரு விற்பனையகத்தில் ஸ்டிக்கர் விலைக்கு மேல் 20,000 டாலர் கேட்டார்கள். அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாகன நிறுத்தத்தில் கொஞ்ச நேரம் நின்றது இன்னும் ஞாபகம் இருக்கிறது. அவ்வளவு கோபம். 60,000 டாலர் கார் என்று நாம் பெருமையாகச் சொல்கிறோமே, அந்த விலைக்கு அது கிடைத்தவர்கள் எத்தனை பேர்?

ஆறு மாதம் கழித்து ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியரிடமிருந்து 2002 சி5 இசட்06 வாங்கினேன். சி8 விலையில் பாதி கூட இல்லை. இருபது வருடப் பழசு, 405 குதிரைத்திறன், சுமார் 1,400 கிலோ, திறக்க முடியாத கூரை, ஆறு கியர், மூன்று மிதி. உள்ளே பிளாஸ்டிக் மட்டமானது, இருக்கை வளைவில் இடுப்பைப் பிடிக்காது, ஹெட்லைட் ஏறி இறங்கும்போது அரைக்கும் சத்தம் வரும். அவ்வளவுதான் குறை.

ஞாயிறு தோறும் ஆட்டோக்ராஸ் போகிறேன். தெரியாதவர்களுக்கு, பெரிய காலி வாகன நிறுத்தத்தில் ஆரஞ்சு கூம்புகளை அடுக்கிப் பாதை போடுவார்கள், ஒரு ஓட்டம் ஒரு நிமிடம்தான், ஒரு கூம்பு விழுந்தால் இரண்டு நொடி அபராதம். எஞ்சின் முன்னால், கியர்பாக்ஸ் பின் அச்சோடு, அதனால் எடை முன்னும் பின்னும் கிட்டத்தட்டச் சமமாக விழுகிறது. இதை நான் முதலில் காகிதத்தில் படித்தேன், புரியவில்லை. கூம்புகளுக்கு இடையே வளைந்து வளைந்து போகும் ஸ்லாலமில் மூன்றாவது கூம்பைச் சுற்றும்போது பின்பக்கம் என் இடுப்புக்குக் கீழேயே திரும்புவது போல இருந்தது, அன்றுதான் புரிந்தது. வால் கொஞ்சம் விலகும்போது முன்கூட்டியே சொல்லிவிடும், ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் தளர்த்தினால் திரும்பி வந்து சேரும். முதல் மாதம் 35 பேரில் கடைசியிலிருந்து இரண்டாவது. இப்போது நடுவில் வருகிறேன், கார் மாறவில்லை, டயரும் பிரேக் பேடும்தான் மாற்றினேன். ஓடி முடித்ததும் குளிர்பதனத்தைப் போட்டுக்கொண்டு ஒரு மணி நேர நெடுஞ்சாலையில் வீட்டுக்கு வருகிறேன், ஆறாம் கியரில் எஞ்சின் முனகுவதுகூடக் கேட்காது, பெட்ரோலும் குடும்பக் கார் அளவுக்குத்தான் குடிக்கிறது. பின்பக்க டிக்கியில் ஜாக், கருவிப் பெட்டி எல்லாம் அடங்கும்.

கியர்கம்பி, உங்கள் மூன்று விதியையும் சீறும்குதிரை கேட்ட மூன்றாவது மிதியையும் சேர்த்துப் பாருங்கள். நீங்கள் வருணித்தது என் காரை.

பத்துசிலிண்டர்

இதே சி5இன் பந்தய வடிவம்தான் டேடோனாவில் எங்களிடம் அரை நிமிடத்தில் தோற்றது. மறு வருடம், 2001இல், அதே டேடோனாவில் ஒட்டுமொத்தமாக வென்றது, லெ மானில் கார்வெட்டின் பிரிவு வெற்றி வரிசையும் அந்த வருடம்தான் ஆரம்பித்தது. வைப்பர்காரனாக இருந்தாலும் அந்தக் கார் மேல் எனக்கு எப்போதும் மரியாதை உண்டு. தோற்ற இடத்துக்கே திரும்பி வந்து ஜெயித்தது.

சீறும்குதிரை

ஆரஞ்சுகூம்பு எழுதியதைப் படித்தபோது என் ஜிடி350 கிட்டத்தட்ட 1,700 கிலோ என்பது நினைவுக்கு வந்தது. 8,000 சுற்றில் அது போடும் சத்தத்துக்கு ஈடு இல்லை, அதில் மாற்றமில்லை. ஆனால் கூம்புகளுக்கு நடுவில் அந்த 300 கிலோ தெரியும், அதுவும் உண்மை.

நூர்பர்க்ரிங் நேரத்தை வைத்து யாராவது வாதாடுவதற்கு முன் சொல்லிவிடுகிறேன், 2025இல் மஸ்டாங் ஜிடிடி 6 நிமிடம் 52 நொடி ஓடியது, சில மாதத்தில் கார்வெட் இசட்ஆர்1 ஆறு ஐம்பதுக்கு வந்தது, இசட்ஆர்1எக்ஸ் ஆறு நாற்பத்தொன்பதில் முடித்தது. ஜிடிடி விலை மூன்று லட்சம் டாலருக்கு மேல். அதில் ஜெயித்தாலும் தோற்றாலும் நம் யாருக்கும் ஒன்றுமில்லை.

டெட்ராய்ட்பக்கம்

அதே காரணத்துக்காகத்தான் 2017 ஃபோர்டு ஜிடியை நான் சொல்லவே இல்லை. லெ மானில் 1966 வெற்றியின் ஐம்பதாம் ஆண்டில் அதன் பிரிவில் வென்றது, பெரிய சாதனை. ஆனால் கட்டியது கனடாவில், வாங்க விண்ணப்பம் போட்டுத் தேர்வாக வேண்டியிருந்தது. காசு இருந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்ற நிலை.

கியர்கம்பி

இரண்டு நாள் யோசித்தேன். சி8ஐ நான் தேர்ந்தெடுத்தது ஸோராவின் கதைக்காக என்று இப்போது தெரிகிறது. அந்தக் கதை எனக்கு இன்னும் பிடிக்கும், 5.5 லிட்டர் இசட்06 8,600 வரை ஏறும் சத்தம் காதில் இருக்கும்வரை சி8ஐ யாரும் குறை சொல்ல விடமாட்டேன். ஆனால் சிறந்தது எது என்று கேட்டால், வாங்க முடிகிற, ஞாயிறு தோறும் ஓட்ட முடிகிற, ஓட்டுகிறவரைக் கடைசி இடத்திலிருந்து நடு இடத்துக்குக் கொண்டுவந்த காரைத்தான் சொல்ல வேண்டும். என் ஓட்டை மாற்றுகிறேன், சி5 இசட்06.

பழையஇரும்பு ஐயா, 67ஐ மட்டும் நான் இதில் ஒப்பிடவில்லை. அது வேறு வரிசை.

ஆரஞ்சுகூம்பு, அடுத்த ஞாயிறு எங்கே ஓட்டுகிறீர்கள்? பக்கத்து இருக்கை காலியாக இருந்தால் வருகிறேன்.

ஆரஞ்சுகூம்பு

காலியாகத்தான் இருக்கும். ஹெல்மெட் கொண்டு வாருங்கள், எட்டு மணிக்குள் வந்தால் பாதையை நடந்து பார்க்கலாம். நடக்காமல் உட்கார்ந்தால் மூன்றாவது கூம்பில் என்ன நடக்கிறது என்றே தெரியாது.

பத்துசிலிண்டர்

நானும் வரலாமா? ஏசிஆர் இல்லை, 2006 வைப்பர்தான் இருக்கிறது. கூம்புகளுக்கு நடுவே அகலம் போதுமா என்று மட்டும் சொல்லுங்கள்.